ஏரிக் கொப்பி

பெப்ரவரியில் சுவிஸ் எல்லையோரத்துப் போடன் ஏரி கரையைவிட்டு உள்ளே போய்விடும். மலையில் பனி உருகாமல் கிடக்கும்வரை ஆறுகளில் தண்ணீர் குறைவு. எக்ஹோர்ன் கரையில் முப்பது நாற்பது அடி அகலத்துக்குச் சேறும் கூழாங்கல்லும் வெளியே தெரியும். ஊர்ச் சபையின் வேலைக்கூடமான வேர்க்ஹோஃபில் மொத்தம் ஏழு பேர். தெரு கூட்டுவது, பனி தள்ளுவது, கரை துப்பரவாக்குவது எல்லாம் அவர்கள் தலையில்தான். தண்ணீர் வற்றிய மாதத்தில் கரையை வழித்து எடுத்துவிட வேண்டும். ஞானப்பிரகாசம் இடுப்புக்கு மேலே வருகிற றப்பர்க் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நாணல் ஓரத்தில் நின்று, ஒதுங்கிக் கிடந்த கட்டைகளைக் கொக்கித் தடியால் இழுத்து டிராக்டர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கை தன்பாட்டில் வேலை செய்தது. வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஏரியின் ஆகக் கூடிய ஆழம் இருநூற்றைம்பத்தொரு மீற்றர். மூன்று நாடுகள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. பெரிய ஏரியின் நடுவே எல்லை எங்கே போகிறது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை பேசி முடிக்கவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து மூன்றில் ஏரி முழுக்க உறைந்தது. மக்கள் அக்கரைக்கு நடந்து போனார்கள், அருளப்பரின் சிலையை ஊர்வலமாகத் தூக்கி வந்தார்கள். இதெல்லாம் ஜெர்மனில். ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து தொடங்குவார். கூட வேலை செய்கிற அல்பேனியன் ஒருவன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, இந்த மனிசன் செபம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மாலை அவருக்குக் குடியுரிமை நேர்முகம். இருபத்தேழு வருடமாகச் சுவிசில் இருக்கிறார், அதில் பத்தொன்பது வருடம் இந்த ஊரில். பாஸ்போர்ட்டுக்கு இதுவரை அவர் அவசரப்பட்டதில்லை. இப்போது அவசரப்பட ஒரு காரணம் இருந்தது. படகுத் துறையைப் பார்த்துக்கொள்கிற ஹாஃபன்மைஸ்டர் அடுத்த வருடக் கடைசியில் ஓய்வுக்குப் போகிறார். சூடேற்றிய சின்ன அறை, ஒரு கதிரை, கோடையில் படகுகளுக்கு இடம் காட்டுகிற வேலை. குளிர்த் தண்ணீரில் பத்தொன்பது மாரி நின்ற முழங்கால்களைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், இன்னும் இரண்டு மாரி தாங்கும், மூன்றாவது தாங்காது என்று சொல்லியிருந்தார். ஆனால் ஹாஃபன்மைஸ்டர் அபராதச் சீட்டு எழுதுகிறவர் என்பதால், அந்த வேலைக்குச் சுவிஸ் குடியுரிமை வேண்டும் என்று ஊர்ச் சட்டத்தில் இருந்தது. மேற்பார்வையாளர் கெல்லர் நல்ல மனிதர். ஊர்க் குழு ஓம் என்றுவிட்டால் போதும், மற்றக் காகிதங்கள் வரும்வரை இடத்தைப் பிடித்து வைக்கலாம் என்று அவரே சொன்னார்.

ஊர்க் குழு கேட்பது ஊரைப் பற்றியும் ஏரியைப் பற்றியும்தான். ஞானப்பிரகாசத்துக்கு ஏரி தெரியாதா? பேசாலையில் கடற்கரையில் பிறந்த உடம்பு. ஒஸ்ரியாப் பக்கம் பெருமழை பெய்தால் மூன்றாம் நாள் றைன் ஆற்றுக் கட்டைகள் எந்த வளைவில் வந்து ஒதுங்கும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளைத் தோல் மரமென்றால் பக்கத்து ஓடையில் வந்தது, செம்மண் ஒட்டிய ஊசியிலை மரமென்றால் மலையிலிருந்து வந்தது. புயல் விளக்கு நிமிடத்துக்கு நாற்பது தரம் மின்னினால் கவனம், தொண்ணூறு தரம் மின்னினால் கரையேற வேண்டும். வடக்குக் காற்றுக்கு ஜெர்மன் கரையின் அப்பிள் பெட்டிகூட இந்தப் பக்கம் வரும். ஆனால் இதையெல்லாம் சோதனைக்கு எழுதுகிற பதிலாக அவருக்குத் தோன்றவில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, தமிழில் கேள்வியும் பதிலுமாக எழுதினார். பதினாறு வயது மகள் எலேனா அதைத் திருத்தமான ஜெர்மனில் சொல்ல, அவர் அந்த ஜெர்மனைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்.

"அப்பா, மரக்கட்டை எல்லாம் கேக்க மாட்டினம். ஆழம், நீளம், வரலாறு, இதுதான் கேப்பினம்."

"சரி, அப்ப அதை விடுவம்."

"கடைசியில ஒரு நல்ல வசனம் சொல்லுங்கோ. நான் பள்ளிக்கூடத்தில எழுதினது. 'ஏரி எங்களைப் பிரிக்கவில்லை, இணைக்கிறது.' ரீச்சர் அதுக்குக் கீழ கோடு போட்டவ."

அந்த வசனம் ஞானப்பிரகாசத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. ஐம்பத்திரண்டு வயதில் பாடமாக்குவது லேசில்லை. மூன்று மாதம், காலையும் மாலையும், வேலையிலும் சாப்பாட்டிலும் அதே வேலையாக இருந்தார். கொப்பியின் மூலைகள் சேற்றுக் கையால் கறுத்துப்போயின.

புதன்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்து வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மேல்வீட்டு பல்கனியிலிருந்து அவருடைய வசனம் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. ஆழம் இருநூற்றைம்பத்தொன்று. மூன்று நாடுகள். அருளப்பரின் சிலை. அதே வரிசை, அவர் மூச்சு விடுகிற இடத்தில் அதே மூச்சு. கடைசியில், "ஏரி எங்களைப் பிரிக்கவில்லை, இணைக்கிறது." குரல் ஸ்ரீஸ்கந்தராஜாவுடையது. தூரத்து ஊரான ஓஸ்டர்முண்டிகனிலிருந்து இங்கே குடிவந்து நாலு வருடமும் முடியவில்லை. அப்பிள் சாறு பிழிகிற பெரிய தொழிற்சாலையில் வேலை. அவனுக்கும் அதே வியாழக்கிழமைதான் நேர்முகம், முக்கால் மணித்தியாலம் முந்தி.

ஒற்றைச் சப்பாத்தோடு உள்ளே போனார்.

"யூஜினி, என்ர கொப்பி எங்க?"

"மேசையில கிடக்கு."

"மேலவீட்டான் அதைப் பாடமாக்கிக்கொண்டு நிக்கிறான்."

மனைவி யூஜினி சோற்றை இறக்கி வைத்தாள். அவளுக்கு இது ஒளிக்க வேண்டிய விசயமாகவே படவில்லை. "அவற்ற மனிசி கஜலக்சுமி கேட்டா. போட்டோ எடுத்து அனுப்பினனான். எங்கட ஆக்கள்தானே."

"மூண்டு மாசம் நான் பட்ட பாடு."

"இஞ்சேருங்கோ, படிப்புத்தானே? குடுத்தா குறையுமோ? நாங்கள் படிக்கேக்க ஆற்ற நோட்ஸை ஆர் படிச்சதெண்டு ஆரும் பாத்ததோ?"

யாழ்ப்பாணத்தாருக்கும் மன்னாராருக்கும் நோட்ஸ் என்றால் கிணற்றுத் தண்ணீர் மாதிரி, யாரும் அள்ளலாம். அவரும் அப்படித்தான் ஓ.எல். சோதனை எழுதினார். அது நியாயம் என்று தெரிந்தும் வயிறு எரிந்தது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்ட கதை. ஏரியில் கால்விரலை நனைத்தறியாதவன், படகில் ஏறினால் தலைசுற்றுகிறது என்று முதலாம் வருடமே சொன்னவன், தன் வாயில் அவருடைய ஏரியை வைத்துக்கொண்டு மேலே நிற்கிறான். அன்றிரவு முழுக்க மேல்வீட்டில் கேட்ட ஒவ்வொரு நடையையும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். வசனங்களை மாற்றலாம் என்று கொப்பியைத் திறந்தார். ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாம் குழம்பியது. மூடி வைத்தார்.

வியாழக்கிழமை ஊர்க் கந்தோர் நடைவழியில் அவர் காத்திருக்க, ஸ்ரீஸ்கந்தராஜா கதவைத் திறந்துகொண்டு வந்தான். சாம்பல் நிறக் கோட்டு, சென்ட் வாசனை. உள்ளே யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சுகமான கேள்வியள்தான் அண்ணை, பயப்படாதேங்கோ. எல்லாம் உங்கட கொப்பியில இருக்கிறதுதான். கடைசி வசனத்தைச் சொல்ல அந்த மனிசி எழுதியே வச்சவ."

"எந்த மனிசி?"

"ஃப்ராவ் ஹூபர். நல்ல மனிசி." அவன் ஞானப்பிரகாசத்தின் கழுத்துப் பட்டியை நேராக்கிவிட்டுப் போனான். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல அவருக்கு இருந்தது.

உள்ளே ஐந்து பேர். தண்ணீர் வைத்தார்கள். தலைவர் முதலில் வேலையைப் பற்றிக் கேட்டார், பிறகு ஏரியைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னார். ஞானப்பிரகாசம் நிமிர்ந்து உட்கார்ந்து தொடங்கினார். பிசகில்லை. ஆழம் வந்தது, நாடுகள் வந்தன. எல்லைக் கதையில் ஒரு இளம் மனிதர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். உறைந்த ஏரியில் சிலை வந்தபோது அந்த இளம் மனிதர் தன் காகிதத்துக்குள் குனிந்துகொண்டார். ஞானப்பிரகாசத்துக்கு அது தெரிந்தது. ஆனால் பாடமாக்கிய வாய் நடுவில் நிற்காது. "ஏரி எங்களைப் பிரிக்கவில்லை, இணைக்கிறது" என்று முடித்தபோது ஃப்ராவ் ஹூபர் பேனையைக் கீழே வைத்தாள். அவளுக்கு முன்னால் இருந்த தாளில் அந்த வசனம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

"அழகான வசனம். எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று தலைவர் கேட்டார். கேலியில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்.

என் மகள் எழுதியது என்று சொல்லலாம். முன்னால் வந்தவன் என்னுடையதைப் பார்த்தவன் என்று சொல்லலாம். இரண்டும் ஞானப்பிரகாசத்தின் நாக்கு நுனிக்கு வந்தன. இரண்டாவதைச் சொல்ல ஆசையாக இருந்தது. அதைச் சொன்னால் மேல்வீட்டுக்காரனின் காகிதம் அந்த மேசையிலேயே கிழியும் என்பதும், நாளைக்கு யூஜினி எந்த முகத்தோடு படியேறுவாள் என்பதும் சேர்ந்தே மனதில் வந்தன.

"நான் படித்தேன்," என்றார்.

"அது தெரிகிறது."

ஃப்ராவ் ஹூபருக்கு அவர்மேல் இரக்கம் வந்ததுபோல் இருந்தது. படித்ததை விடுங்கள், கரையில் வேலை செய்கிறீர்கள் அல்லவா, ஏரியில் நீங்களே கண்டது ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். ஞானப்பிரகாசம் மனதுக்குள் கொப்பியைப் புரட்டினார். இந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை. கட்டைகள் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. அவற்றுக்கு ஜெர்மன் வரவில்லை.

"ஆழம் இருநூற்றைம்பத்தொரு மீற்றர்," என்றார்.

மூன்று கிழமை கழித்து இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. எலேனா வாசித்தாள். ஊர் பற்றிய அறிவு மனப்பாடம் செய்யப்பட்டதாகக் குழு கருதுகிறது. ஊர் வாழ்வில் பங்கெடுப்பதற்கான ஆதாரம் போதாது. விண்ணப்பம் இரண்டு வருடத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. இதற்கிடையில் சங்கங்களிலும், வருடாந்த ஏரிக்கரைத் துப்பரவு நாள் போன்ற தொண்டு நிகழ்வுகளிலும் பங்குபற்றிப் பதிவு வைத்திருக்குமாறு பரிந்துரைக்கிறோம்.

எலேனா அந்தக் கடைசி வரியை இரண்டாம் தரம் வாசித்தாள். பிறகு கடிதத்தை மடித்தாள்.

"இது ஆர் எழுதினது? நீங்கள் என்ன வேலை செய்யிறீங்களெண்டு அவைக்குத் தெரியும்தானே?"

"எல்லாருக்கும் ஒரே கடிதம்தான் போகும், பிள்ளை."

"மேலவீட்டுக்கு இது போகேல்லையே, அவைக்கு ஓம் எண்டெல்லோ வந்திருக்கு."

பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராஜா தட்டு நிறைய றோல்ஸும் கேக்கும் கொண்டு படியிறங்கி வந்தான். வெற்றியைக் கொண்டாட வந்தவன் முகத்தில் உண்மையான கவலையும் இருந்தது. அதுதான் ஞானப்பிரகாசத்துக்குப் பொறுக்கவில்லை. திமிரோடு வந்திருந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம்.

"உங்களுக்கு வராதது எனக்குச் சரியான கவலை அண்ணை. கொப்பியே உங்கட."

"பரவாயில்லை. சாப்பிடும்."

"நான் கொப்பியில இருந்ததை மட்டும் சொல்லேல்ல. எனக்குத் தண்ணியெண்டா பயம், ஏரியைப் பாத்தாலே தலை சுத்தும் எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சினம். ஃபஸ்நாக்ட் திருவிழாவுக்கு றோல்ஸ் போட்டுக் குடுத்ததைச் சொன்னன். உருசி அவைக்கு ஞாபகம் இருக்கு."

யூஜினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஃபக்டரியில ஆள் குறைக்கப் போகினம் எண்டதையும் சொன்னன்," என்றான் ஸ்ரீஸ்கந்தராஜா. "அதுக்கு அந்த ஃப்ராவ் ஹூபர் சொல்லுறா, இந்த ஊரிலயும் இடம் வரும், ஹாஃபன்மைஸ்டர் வேலைக்கு ஆள் தேடப் போகினமாம், சனத்தோட கதைக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம்."

கோப்பை ஞானப்பிரகாசத்தின் கையில் இருந்தது. அதை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"யோசிக்கிறன் எண்டன். தண்ணிக்குள்ள இறங்கத் தேவையில்லைத்தானே அண்ணை? அறைக்குள்ளதானே இருக்கிறது?"

"ஓம். அறைக்குள்ளதான்."

அவன் போனபிறகும் றோல்ஸ் தட்டு மேசையில் இருந்தது. ஞானப்பிரகாசம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவன் கெட்டவனில்லை, அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், வேலை போகப்போகிறது என்று யூஜினி சொல்லச் சொல்ல, பொறாமை குறையாமல் ஊறிக்கொண்டே வந்தது. வெள்ளைக்காரர் எத்தனையோ பேர் முந்திப் போனார்கள், அப்போதெல்லாம் நெஞ்சு இப்படிக் காந்தியதில்லை. தன் படிக்கட்டில் குடியிருக்கிறவன் முந்தினால்தான் காந்தும் போலிருக்கிறது. அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டபடியே பொறாமைப்பட்டார்.

திங்கட்கிழமை அவர் கடிதத்தைக் கொண்டுபோய்க் கெல்லரிடம் காட்டினார். கெல்லர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். துப்பரவு நாள் ஏப்ரல் முதற் சனிக்கிழமை. ஞானப்பிரகாசம் அதில் தன் பெயரையும் எழுத வேண்டும் என்று கேட்டார். கெல்லர் தலையைச் சொறிந்தார். அந்தப் பட்டியல் தொண்டர்களுக்கு உரியது. உனக்கு அன்றைக்கு வேலை நாள், டிராக்டர் உன்னுடைய பொறுப்பு, சனிக்கிழமைக்குரிய கூடுதல் சம்பளமும் உண்டு என்றார்.

"சம்பளம் வேண்டாம்."

"வேண்டாமென்று சொல்ல முடியாது. சீருடையில் டிராக்டரில் இருக்கிறவன் தொண்டனாக முடியாது. விபத்துக் காப்புறுதி இருக்கிறது."

"லீவு தாருங்கள். லீவில் வந்து பொறுக்குகிறேன்."

"அப்படியென்றால் டிராக்டரை யார் ஓட்டுவது?"

கெல்லர் கடிதத்தைக் கவனமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. போகும்போது, துப்பரவு நாளுக்கு முந்தின புதன்கிழமையிலிருந்து கரையைத் தொடாதே, வருகிறவர்களுக்குப் பொறுக்குவதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

புதனிலிருந்து அவர் தொடவில்லை. ஆனால் அந்தக் கிழமை காற்றுமில்லை, மழையுமில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கெல்லர் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். கூழாங்கற்கள் கழுவிவைத்த மாதிரிக் கிடந்தன. நாணல் அடியில் ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை.

"நூற்றிருபது பேர் வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பத்திரிகைக்காரர். இங்கே என்ன இருக்கிறது?" கெல்லர் இடுப்பில் கைவைத்து நின்றார். "நீ அளவுக்கு மிஞ்சித் துப்பரவாக வைத்துவிட்டாய்."

பிறகு வேர்க்ஹோஃப் பக்கம் பார்த்தார். அங்கே பெரிய இரும்புத் தொட்டியில் மாரி முழுவதும் வழித்தெடுத்த குப்பை இன்னும் ஏற்றிப்போகாமல் இருந்தது. கொஞ்சம் கொண்டுவந்து பரப்பிவிடு, கண்ணாடி உடைசல் வேண்டாம், பிள்ளைகள் வருகிறார்கள் என்றார்.

ஞானப்பிரகாசம் டிராக்டரை எடுத்துப்போய் அரைப் பெட்டி ஏற்றினார். பிளாஸ்ரிக் போத்தல்கள், அறுந்த கயிறுகள், உடைந்த அப்பிள் பெட்டி, வெள்ளை ஃபோம் துண்டுகள். ஒவ்வொன்றையும் எந்த நாள் எந்த இடத்தில் எடுத்தார் என்று ஏறக்குறைய அவருக்குத் தெரியும். கரையில் இறங்கி, முழங்காலை ஊன்றி ஊன்றி, நாணல் அடியில் ஒரு போத்தலை வைத்தார். பத்து எட்டுத் தள்ளி இன்னொன்றை வைத்தார். ஒரே இடத்தில் குவிந்தால் செயற்கையாகத் தெரியும் என்று, தண்ணீர் கொண்டுவந்து ஒதுக்குகிற மாதிரியே வளைவுக்கு வளைவு பார்த்துப் பரப்பினார். அந்த வேலையை அவர் அளவுக்கு வேறு யாரும் சரியாகச் செய்திருக்க முடியாது.

ஒன்பது மணிக்குச் சனம் வந்தது. கூடார மேசையில் ஃப்ராவ் ஹூபர் பட்டியலோடு இருந்தாள். பெயர் எழுதினவர்களுக்கு ஒரு மஞ்சள் மேற்சட்டையும் கையுறையும் கொடுத்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா குடும்பத்தோடு வந்திருந்தான், ஒரு பெட்டி றோல்ஸும் கொண்டுவந்திருந்தான். பத்திரிகைக்காரர் அவனையும் பிள்ளைகளையும் ஏரி பின்னால் தெரிய நிறுத்திப் படமெடுத்தார். படத்துக்குள் டிராக்டர் வருகிறது, கொஞ்சம் பின்னால் எடுங்கள் என்று ஞானப்பிரகாசத்தைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் எடுத்தார்.

சற்று நேரத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா தண்ணீருக்கு இரண்டு எட்டுத் தள்ளிப் பயந்து பயந்து கால்வைத்து, நாணல் அடியில் கிடந்த போத்தலை நீளமான இடுக்கியால் தூக்கிக்கொண்டு வந்தான். முகத்தில் வெயில் பட்டிருந்தது.

"பாத்தீங்களே அண்ணை, எவ்வளவு குப்பை. இந்தக் கரையை ஒருத்தரும் பாக்கிறேல்லையோ?"

ஞானப்பிரகாசம் சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அவன் போத்தலை உள்ளே போட்டான். மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஃப்ராவ் ஹூபர் அவனைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, பட்டியலில் அவன் பெயருக்கு நேரே அடையாளம் போட்டாள்.